பழைய பாக்கெட்டைப் பிரிக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். டாப்ஸ் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர்களின் படம் போட்ட, சேகரிக்கும் அட்டை) பெட்டி ஒன்று கிடைத்தது, 36 பாக்கெட்டும் பிரிக்காதவை. பிரிக்கலாமா, விலை ஏறட்டும் என்று வைத்திருக்கலாமா?

பதில்: பிரியுங்கள். அந்த வருடங்களில் கார்டுகளை அச்சடித்துக் குவித்தார்கள், வாங்கியவர்களும் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள், அதனால் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952-ஆம் வருட டாப்ஸ் கார்டு 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனதே என்பீர்கள். சரி, ஆனால் 1952-இல் விற்காமல் கிடந்த கார்டுகளை நிறுவனமே பின்னால் கடலில் கொட்டியது, அதனால் அவை அரிது.

மெழுகுத்தாளின் மடிப்பை நகத்தால் மெல்ல நெம்புங்கள். உள்ளே 15 கார்டு, அப்புறம் ஒரு சூயிங்கம் பட்டை. தொட்டாலே நொறுங்கும், வாயில் மட்டும் போட்டுவிடாதீர்கள்! அதை ஒட்டியிருந்த கார்டில் கறை படிந்திருக்கும். எனக்கு அந்தக் கார்டுதான் ரொம்பப் பிடிக்கும்.