போட்டவரே சோதிக்கக் கூடாது: மருத்துவமனைக் கட்டடம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எங்களுடையது 20 படுக்கை நர்சிங் ஹோம். தொழில்நுட்பக் குழுவெல்லாம் எங்களுக்குத் தேவையா?
(டாக்டர், குடியாத்தம்)

தேவை. கட்டடம், மின்சாரம், தண்ணீர், ஆக்சிஜன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் குழு அது. நாலு பேர் போதும்: முடிவெடுக்கக்கூடிய ஒரு டாக்டர், நோய்த்தொற்றுத் தடுப்பைப் பார்க்கும் நர்ஸ், உங்கள் எலக்ட்ரீஷியன், வெளியிலிருந்து ஒரு பொறியாளர். மாதம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். பேசியதை நோட்டில் எழுதுங்கள். போன மாதம் எழுதியது முடிந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நர்ஸைப் பேச விடுங்கள். எந்த பிளக் பாயின்ட் சூடாகிறது, எந்தக் கதவு மூட மாட்டேன் என்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

கேள்வி: மாடித் தொட்டித் தண்ணீரில் கிருமி வரும் என்கிறார்கள். மாதாமாதம் கழுவுகிறோமே, போதாதா?
(மேலாளர், ராணிப்பேட்டை)

கழுவுவது நல்லது, ஆனால் போதாது. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில் பெருகும். நம் ஊர் அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் இருக்கும் கறுப்புத் தொட்டி அந்தச் சூட்டில்தான் கிடக்கிறது. ஷவரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகளை மூச்சில் இழுத்தால் நிமோனியா வரலாம். ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் நோயாளி அதைத் தாங்க மாட்டார்.

தொட்டிக்கு நிழல் போடுங்கள். வெந்நீரை 60 டிகிரியில் சேமியுங்கள். குழாயில் கை சுடாதபடி கலவை வால்வு வையுங்கள். காலி அறைகளின் குழாய்களை வாரம் இரண்டு முறையாவது சில நிமிடம் திறந்துவிடுங்கள். பல நாள் திறக்காத குழாயில் தேங்கிய தண்ணீரைத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பிரிட்டனில் மருத்துவமனைகளுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்புக்கென்றே தனிக்குழு உண்டு. நுண்ணுயிரியல் மருத்துவரும் பொறியாளரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள். இங்கே அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்ற மருத்துவமனைகள் எனக்குத் தெரியும்.

கேள்வி: ஆபரேஷன் தியேட்டருக்கு எத்தனை டன் ஸ்பிளிட் ஏசி போடலாம்?
(வாசகர், ஆம்பூர்)

அறையின் நீள அகலத்தை எழுதவில்லை. என்ன ஆபரேஷன் என்றும் எழுதவில்லை. அடுத்த முறை இவற்றை எழுதிவிட்டுக் கேளுங்கள். இருந்தாலும் பதில் ஒன்றுதான்: ஸ்பிளிட் ஏசி வேண்டாம். அது உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். தியேட்டரில் மணிக்கு 20 முறை போலக் காற்று மாற வேண்டும். அதில் ஒரு பங்கு வெளிக்காற்றாக இருக்க வேண்டும், நுண்தூசியையும் கிருமியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாக வர வேண்டும், வராந்தாவைவிட உள்ளே அழுத்தம் கூடுதலாக இருக்க வேண்டும். டன் கணக்கு அதற்கப்புறம்.

கேள்வி: புது ஐசியுவுக்கு ஆக்சிஜன் பைப்லைன் போட்ட கான்ட்ராக்டரே சோதித்துச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். வேறு யாரிடமாவது காட்ட வேண்டுமா?
(நிர்வாக அலுவலர், அரக்கோணம்)

கட்டாயம் காட்ட வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. போட்டவரே சோதித்தால் அது சோதனை ஆகாது. அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். தான் செய்த வேலையில் இருக்கும் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் 10 படுக்கை ஐசியுவைப் பார்க்கப் போனேன். படுக்கையருகே ஆக்சிஜன் வரும் எல்லா முனையிலும் 4 பார் அழுத்தம் என்று கான்ட்ராக்டரின் காகிதம் சொன்னது. உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முனையாகத் திறந்து பார்த்திருக்கிறார். நாங்கள் பத்தையும் ஒன்றாகத் திறந்தோம். கடைசிப் படுக்கையில் அழுத்தம் விழுந்துவிட்டது. கிளை பிரியும் இடத்தில் குழாயின் அளவு சின்னது. நோயாளி வருவதற்கு முன்னால் தெரிந்ததால் மாற்றினோம். கொரோனா சமயத்தில் எல்லா படுக்கையிலும் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் ஓடியதே, அப்போது தெரிந்திருந்தால்? 2021 ஏப்ரலில் நாசிக்கில் ஒரு மருத்துவமனையின் ஆக்சிஜன் டேங்க் கசிந்து, சப்ளை விழுந்து, 20 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பிரிட்டனில் மருத்துவ வாயு ஏற்பாட்டை மருத்துவமனையையும் கான்ட்ராக்டரையும் சாராத ஒரு பொறியாளர் தணிக்கை செய்து ஆலோசனை சொல்வார். எந்த முனையில் எந்த வாயு வருகிறது என்பதைத் தகுதி பெற்ற ஒருவர், பெரும்பாலும் ஒரு மருந்தாளுநர், தனியாகச் சோதித்த பிறகுதான் நோயாளிக்குத் திறப்பார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மயக்க மருந்து டாக்டரையும் வெளிப் பொறியாளரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள். எல்லா முனைகளையும் ஒன்றாகத் திறந்து பாருங்கள். ஒரு பகுதிக்கு மட்டும் வாயுவை நிறுத்தும் ஸோன் வால்வை மூடினால் எந்தெந்தப் படுக்கை நிற்கிறது, அலாரம் அடிக்கிறதா, மாற்று சிலிண்டர் தானாக வருகிறதா என்று பாருங்கள். நோட்டில் எழுதுங்கள். ஆக்சிஜன் ஃபிட்டிங்கில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, தீப்பிடிக்கும்.

கேள்வி: வேலூரில் பூகம்பத்துக்கெல்லாம் டிசைன் செய்ய வேண்டுமா?
(பொறியாளர், சத்துவாச்சாரி)

பொறியாளரே இப்படிக் கேட்பது வருத்தமாக இருக்கிறது. 2016 இந்தியத் தர விதிப்படி நாம் பூகம்ப ஆபத்து மிதமாக உள்ள மூன்றாம் மண்டலம். மருத்துவமனைக்குப் பூகம்ப விசைக் கணக்கு, வீட்டுக்கு எடுப்பதைப் போல ஒன்றரை மடங்கு. 2021 கடைசியில் பேரணாம்பட்டுப் பக்கம் தரை அதிர்ந்தது மறந்துவிட்டதா? தூணைக் கணக்குப் போட்டால் மட்டும் போதாது. ஜெனரேட்டர், மாடித் தொட்டி, சிலிண்டர் எல்லாவற்றையும் கட்டி நிறுத்துங்கள்.

கேள்வி: திருட்டுப் பயத்தால் இரவில் அவசர வழியைப் பூட்டுகிறோம். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. சரிதானே?
(மேலாளர், ஆற்காடு)

இன்றைக்கே பூட்டைக் கழற்றுங்கள். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு மருத்துவமனையின் அடித்தளத்தில் பிடித்த தீயில் ஏறக்குறைய 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் புகையில் மூச்சுத்திணறியவர்கள். உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற, திறந்தால் மணி அடிக்கிற கதவு கிடைக்கிறது. திருட்டுக்கு அது போதும்.

கேள்வி: ஜெனரேட்டரை வாரம் ஒரு முறை 10 நிமிடம் ஓட்டிப் பார்க்கிறோம். போதுமா?
(எலக்ட்ரீஷியன், வாலாஜா)

லோடு கொடுத்தா, அதாவது கருவிகளை அதில் ஓடவிட்டா, சும்மாவா? அதை எழுதவில்லை. சும்மா ஓட்டினால் இன்ஜின் ஓடுகிறது என்று மட்டும்தான் தெரியும். குழுவிடம் சொல்லி, டாக்டர்கள் தயாராக இருக்கும் ஒரு காலையில் மெயினை நிறுத்திப் பாருங்கள். வென்டிலேட்டர் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதையும் அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்.