வாசகர் கேள்வி, வழக்கறிஞர் பதில்: தீர்ப்புக்கு முந்தைய பத்து நாட்கள்

கேள்வி: என் கணவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்தவர். அவர் மீதான பண மோசடி வழக்கு தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டுகளாக நடந்து, இன்னும் 10 நாட்களில் தீர்ப்பு வருகிறது. “மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்” என்று வக்கீல் சொல்லிவிட்டார். கைதான சமயத்தில் 23 நாட்கள் ரிமாண்டில் இருந்தார். அதன் பிறகு ஜாமீனில் இருக்கிறார். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறார். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். நான் என்னென்ன செய்ய வேண்டும், அவளிடம் என்ன சொல்ல வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்; ஆறுதல் வார்த்தைகளை ஒதுக்கிவிட்டு நேராக அதற்கே வருகிறேன், சகோதரி. இந்த நீதிமன்றம் அதிகபட்சம் 7 ஆண்டு வரை தண்டனை விதிக்கலாம். தண்டனை 3 ஆண்டுக்கு மிகாமல் இருந்து, உங்கள் கணவர் அன்று வரை ஜாமீனில் இருந்தால், மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லி அதே நீதிமன்றத்தில் அன்றைக்கே தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கலாம். மறுப்பதற்குத் தனிக் காரணம் இல்லாவிட்டால் நீதிபதி அனுமதிக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் இது ஒன்றுதான். எனவே ஜாமீன்தாரர்கள் இருவரை, அவர்களுடைய ஆவணங்களோடு, காலையிலேயே கோர்ட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள். மாலை ஐந்து மணிக்கு ஆள் தேடி அலைந்து, அந்த ஒரு காரணத்துக்காகவே ஓர் இரவு உள்ளே இருக்க நேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தண்டனை 3 ஆண்டைத் தாண்டினால் அவர் அன்று மாலை பெரும்பாலும் பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குப் போவார். செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள் அவகாசம் உண்டு. அங்கேதான் தண்டனை நிறுத்தம் கேட்க வேண்டும். தீர்ப்பின் நகலை அன்றே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டு வக்காலத்தில் (வக்கீலுக்கு வழக்கு நடத்த அதிகாரம் தரும் படிவத்தில்) அவருடைய கையெழுத்தை இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள். உள்ளே போய்விட்டால் சிறை அதிகாரியின் சான்றொப்பத்தோடு அந்தக் காகிதம் வெளியே வருவதற்குள் சில நாட்கள் ஓடிவிடும். ரிமாண்டில் இருந்த 23 நாட்கள் தண்டனைக் காலத்தில் கழியும் என்பதால், அந்தத் தேதிகள் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று வக்கீலிடம் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு விஷயங்களில் வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், சிலிண்டர் இணைப்பு, பள்ளிப் படிவங்கள் என எதிலெல்லாம் அவர் பெயர் மட்டும் இருக்கிறதோ அதிலெல்லாம் உங்கள் பெயரையும் சேர்த்துவிடுங்கள். நிலம் இருந்தால், அவர் சார்பில் நீங்கள் செயல்பட அதிகாரப் பத்திரம் (பவர்) பதிவு செய்துகொள்வது நல்லது.

தீர்ப்பு நாளில் மோதிரம், சங்கிலி, கைப்பேசி எதுவும் அவரிடம் இருக்க வேண்டாம். மருத்துவரின் மருந்துச்சீட்டையும் அண்மைய இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் ஓர் உறையில் போட்டு அவர் கையில் கொடுங்கள். உள்ளே நுழையும்போது உடல் சோதனையும் மருத்துவப் பரிசோதனையும் நடக்கும். அந்த நேரத்தில் சிறை மருத்துவரிடம் இன்சுலின் அளவை அவரே வாய்விட்டுச் சொல்லிப் பதியவைக்க வேண்டும். இன்னொன்று, சின்னதாகத் தோன்றும்: உங்கள் கைப்பேசி எண்ணை அவருக்கு மனப்பாடமாகத் தெரியுமா? சிறைத் தொலைபேசியில் பதிவு செய்த எண்களுக்கு மட்டுமே பேச முடியும், பதிவுப் படிவத்தில் அவர்தான் எழுத வேண்டும். இத்தனை ஆண்டுகள் திரையில் உங்கள் பெயரைத் தொட்டே பேசிப் பழகியவர், பத்து இலக்கத்தைத் தப்பில்லாமல் சொல்கிறாரா என்று தினமும் இரவில் ஒப்பிக்கச் சொல்லுங்கள்.

பிறகு மனு. கோர்ட்டில் மனு என்றால் விண்ணப்பம், சிறை வாசலில் மனு என்றால் சந்திப்பு. முதல் மனு பலருக்குப் பேரிடியாக இருக்கும். நடுவில் தடுப்பு, சில சிறைகளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே நேரத்தில் பலர் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள், கொடுக்கப்பட்ட நிமிடங்களில் பாதி “என்ன, கேட்கவில்லை” என்பதிலேயே போய்விடும். கேட்க வேண்டியதை நான்கு வரியில் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மாமியார் என்ன சொன்னார், கடன்காரர் எப்படி ஏசினார் என்பவை அந்த நிமிடங்களுக்கு உரியவை அல்ல. அவரால் ஒன்றும் செய்ய முடியாத செய்தியைக் கேட்டுவிட்டு அவர் தனியாக இரவைக் கழிக்க வேண்டும். விசாரணைக் கைதியைவிடத் தண்டனைக் கைதிக்கு மனு நாட்கள் குறைவு என்பதால், உறவினர் கூட்டத்தை அழைத்துப் போய் ஒரு மனுவைத் தீர்த்துவிடாதீர்கள். அடுத்து எப்போது வருவேன் என்று சொல்கிறீர்களோ அன்று தவறாமல் போங்கள். என் அனுபவத்தில் உள்ளே இருப்பவர்களை நிலைகுலையச் செய்வது வராமல் போன மனுதான்.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அப்பா துபாய்க்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு சிறுமி, அவர் எழுதிய கடிதத்தின் உறையில் கோயம்புத்தூர் அஞ்சல் முத்திரையைப் படித்துவிட்டாள். அதன் பிறகு அம்மா சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. “பணக் கணக்கில் அப்பா தப்புச் செய்தார் என்று கோர்ட் சொல்லியிருக்கிறது, மேல் கோர்ட்டில் கேட்கப்போகிறோம், அதுவரை அவர் அங்கே இருப்பார், நாம் போய்ப் பார்க்கலாம்” என்பது ஒன்பது வயதுக்குப் புரியும். தீர்ப்புக்கு முன்னால், முடிந்தால் அவரே சொல்லட்டும். வகுப்பு ஆசிரியர் ஒருவரிடம் மட்டும் நீங்கள் தனியாகச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பைக் திருட்டு வழக்கில் என் 24 வயது மகன் 41 நாட்களாகக் கடலூர் சிறையில் இருக்கிறான். முதல் வழக்கு. வக்கீல் வைக்க வசதியில்லை. சிறை வாசலில் ஒருவர் 5,000 ரூபாய் கொடுத்தால் உள்ளே வசதி செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. இன்று கொடுத்தால் அடுத்த மனுவுக்கும் அவர் அங்கேயே நிற்பார். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இதை இந்த வாரமே செய்ய வேண்டும். இத்தகைய திருட்டு வழக்கில், ரிமாண்ட் செய்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் போலீஸார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் அவனுடைய உரிமை. தானாக விட்டுவிட மாட்டார்கள், விண்ணப்பம் போட வேண்டும். குற்றப்பத்திரிகை வந்த பிறகு போட்டால் அந்த உரிமை போய்விடும். அந்த 60 நாட்கள் முடிய இன்னும் 19 நாட்கள்தான் இருக்கின்றன, அதற்குள் வழக்கறிஞர் கிடைத்திருக்க வேண்டும். மனுவுக்குப் போகும்போது ஆதார் அட்டையை மறக்க வேண்டாம். அதை மறந்துவிட்டு, கடலூர் சிறை இருக்கும் கேப்பர் மலை வரை போய்ப் பிள்ளையைப் பார்க்காமல் திரும்பிய தாய்மார்கள் உண்டு.