தேசிய காற்பந்து அணிக்கு யாரைத் தேர்ந்தெடுத்தாலும் மலேசிய ரசிகர்கள் ஏன் குறை சொல்கிறார்கள்?

சுங்கை சிப்புட்டில் எங்கள் ஒட்டுக்கடையில் தே தாரிக் தேநீர் ஆறும்வரை நடக்கும் சண்டையே இதுதான்.

பெருசுகளுக்கு அளவுகோல் தேசிய அணியின் முன்னாள் பயிற்றுநர் கே. ராஜகோபால். 2009 சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) தங்கம் வென்ற இளைஞர்களை நம்பி, 2010-இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணத்தை வென்றார். இறுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்து இந்தோனேசியாவுக்கு எதிராக 4-2. "உள்ளூர்ப் பிள்ளைகளே போதும்" என்பார்கள். சரி, ஆனால் அந்தப் பையன்கள் ஏற்கெனவே ஒன்றாக ஆடிப் பழகியவர்கள். அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

இளசுகள் பின்னாளில் பயிற்றுநராக இருந்த கிம் பான் கோன் கட்சி. 2024 ஜனவரியில், ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவுடன் 3-3. அன்று கடையில் நாற்காலி சாய்ந்தது!

அப்புறம் 2025. அடுத்த பயிற்றுநர் பீட்டர் கிளாமொவ்ஸ்கியின் அணி ஜூனில் வியட்நாமை 4-0 என்று வென்றது. செப்டம்பரில், மலேசிய வம்சாவளி என்று சேர்க்கப்பட்ட ஏழு வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு, அவர்களின் ஆவணங்கள் போலி என்று ஃபிஃபா தடை விதித்தது. இப்போது பயிற்றுநரை விட்டுவிட்டு, 'பட்டியலை உண்மையில் யார் போடுகிறார்?' என்றுதான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், பயிற்றுநரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. எங்கள் தோட்டத் திடலிலேயே இப்போது வீடுகள் நிற்கின்றன. பையன்கள் எங்கே ஆடிப் பழகுவார்கள்?