100 கிராம் ஆப்ப சோடா ஏன் போதவில்லை?

கேள்வி: கடையில் இன்வெர்ட்டர் பேட்டரியை இடம் மாற்றும்போது சாய்ந்து, கால் லிட்டர் ஆசிட் தரையில் கொட்டிவிட்டது. பிளஸ் ஒன் படிக்கும் மகன் கணக்குப் போட்டு 101 கிராம் ஆப்ப சோடா போதும் என்றான். 100 கிராம் பாக்கெட் ஒன்றைத் தூவினோம், பொங்கி அடங்கியது. மறுநாள் அதே இடத்தில் கொஞ்சம் சோடா போட்டால் மறுபடி பொங்குகிறது. கணக்கு தப்பா, சோடா கலப்படமா?

பதில்: சோடாவில் குறை இல்லை. மகன் போட்ட கணக்கும் கடைசிப் படிக்கு முந்தைய படி வரை சரிதான். 101 என்ற எண்ணைப் பார்த்ததுமே எங்கே வழுக்கினார் என்று தெரிந்துவிட்டது.

முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி ஆசிட்டின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.28 கிராம் அளவில் இருக்கும், அதில் எடைப்படி சுமார் 37 சதவீதம்தான் கந்தக அமிலம், மீதி தண்ணீர். 250 மில்லி என்றால் 320 கிராம், அதில் அமிலம் 118 கிராம். மோல் என்பது டஜன் மாதிரி, மூலக்கூறுகளை எண்ணும் ஒரு அளவு; கந்தக அமிலத்தின் ஒரு மோல் 98 கிராம் (ஹைட்ரஜன் 2, கந்தகம் 32, ஆக்சிஜன் நான்குக்கு 64). ஆக உங்கள் தரையில் கிடந்தது 1.21 மோல். ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், ஒரு மோல் 84 கிராம். 1.21-ஐ 84-ஆல் பெருக்கினால் 101 கிராம் சொச்சம். மகன் இங்கேதான் நிறுத்திவிட்டார்.

ஆனால் கந்தக அமிலத்தின் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைக் கொடுக்கும், ஒரு பைகார்பனேட் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரு மோல் அமிலத்துக்கு இரண்டு மோல் சோடா வேண்டும். 1.21-ஐ முதலில் இரண்டால் பெருக்கி 2.42 மோல், அப்புறம்தான் 84-ஆல் பெருக்க வேண்டும். விடை 203 கிராம், அதாவது இரண்டு பாக்கெட்.

நீங்கள் ஒரு பாக்கெட் போட்டதும் என்ன நடந்தது என்றால், ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு ஹைட்ரஜனை இழந்து சோடியம் ஹைட்ரஜன் சல்பேட்டாக மாறி நின்றுவிட்டது. உப்பு என்று பெயர் இருந்தாலும் அது நல்ல புளிப்பு உப்பு, தரையையும் துணியையும் அரிக்கும். தண்ணீர் காய்ந்தாலும் அது ஆவியாகிப் போகாது. அதனால்தான் மறுநாளும் பொங்கியது.

இதை மகனிடம் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள், ஏனென்றால் தேர்விலும் மாணவர்கள் அதிகம் மதிப்பெண் விடும் இடம் இதுதான். சமன் செய்த சமன்பாட்டில் இருக்கும் எண்கள் எத்தனைக்கு எத்தனை என்பதைத்தான் சொல்லும், எடையைச் சொல்லாது. கிராமை மோலாக்கி, விகிதத்தைப் போட்டு, பிறகு மறுபடி கிராமாக்க வேண்டும். நடுவில் இருக்கும் படியைத் தாண்டினால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் மாதிரி ஒன்றுக்கு ஒன்று வரும் கணக்கில் தப்பு வெளியே தெரியாது, கந்தக அமிலத்தில் சரியாகப் பாதி விடை வரும்.

வேறு பொருள் போட்டால் எடை மாறும். சலவை சோடா (சோடியம் கார்பனேட்) ஒன்றே இரண்டு ஹைட்ரஜனையும் வாங்கிவிடும் என்பதால் 1.21 மோல் போதும், தூளாக இருந்தால் 128 கிராம். அதையே பளிங்கு மாதிரி படிகமாக வாங்கினால் உள்ளே ஒவ்வொரு மூலக்கூறோடும் பத்து தண்ணீர் மூலக்கூறு சேர்ந்திருக்கும், மோலுக்கு 286 கிராம், அப்போது 346 கிராம் வேண்டும். காஸ்டிக் சோடா 97 கிராமே போதும், ஆனால் தயவுசெய்து அதைத் தொடாதீர்கள், சூடு கிளம்பும், கூடிப்போனால் அதுவே தோலை அரிக்கும். ஆப்ப சோடா கூடினால் ஒரு கெடுதலும் இல்லை என்பதுதான் அதன் பெரிய வசதி. பேக்கிங் பவுடர் வேண்டாம், அதில் ஏற்கெனவே அமிலப் பொருளும் மாவும் கலந்திருக்கும்.

203 என்ற எண்ணையும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். பேட்டரி சார்ஜ் இறங்கியிருந்து அடர்த்தி 1.20 என்றால் அமிலம் 28 சதவீதத்துக்கும் கீழே, சோடா 140 கிராம் அளவில் முடிந்துவிடும். சிமெண்ட் தரையோ மொசைக்கோ தானே கொஞ்சம் அமிலத்தைத் தின்றிருக்கும். அதனால் கணக்கை வைத்து எத்தனை பாக்கெட் வாங்குவது என்று முடிவு செய்யுங்கள், நிறுத்துவதை மட்டும் கண்ணால் முடிவு செய்யுங்கள்: ஈரத்தின் மேல் ஒரு சிட்டிகை போட்டுக் கிளறினால் ஒரு குமிழியும் வரக்கூடாது.

இப்போது கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், 203 கிராமுக்கு ஏறக்குறைய 60 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வரும், மூன்று தண்ணீர் கேன் அளவு. கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, காய்ந்த இடத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். கடைசியில் வழித்தெடுக்கும் கூழில் பேட்டரியின் ஈயம் இருக்கும், சோடா அதை நீக்காது. சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாமல், தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் மூடி, பழைய பேட்டரி வாங்கும் கடையில் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.