தொழிற்சாலை கட்டும் கணினி ஆட்டமான ஃபேக்டரியோவில் தொழிற்சாலை பெரிதானதும் ஆட்டம் இழுக்கிறது. கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் சரியாகுமா?

கேள்வியின் சாரம்: ஃபேக்டரியோ 2.0, 300 மணி நேரம் ஓடிய சேவ் ஃபைல். யுபிஎஸ் (ஒரு விநாடிக்கு ஆட்டம் போடும் கணக்குச் சுற்றுகள்) 60-லிருந்து 38-க்கு இறங்கிவிட்டது. 6 கோர் பிராசசர், ஆனால் டாஸ்க் மேனேஜரில் 15 சதவீதம்தான் காட்டுகிறது. கிராபிக்ஸ் கார்டு பழையது, மாற்றலாமா?

மாற்றாதீர்கள். இந்த அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் பணம் வீணாகத்தான் போகும். முதலில் ஒரு சின்ன சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தொழிற்சாலை எதுவும் கண்ணில் படாத ஒரு வெற்று நிலத்துக்குப் போய், நன்றாக ஜூம் செய்து அங்கேயே நில்லுங்கள். திரையில் இல்லாததை ஆட்டம் வரைவதில்லை, ஆனால் அதன் கணக்கை நிறுத்துவதும் இல்லை. அங்கே யுபிஎஸ் 60-க்கு ஏறினால் கார்டு திணறுகிறது என்று அர்த்தம். ஸ்ப்ரைட் ரெசல்யூஷனைக் குறைத்து, புகை, மேகம், மூடுபனி ஆகியவற்றை அணைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். வெற்று நிலத்திலும் 38-தான் என்றால் பிரச்சினை பிராசசரிலும் ரேமிலும் இருக்கிறது.

டாஸ்க் மேனேஜர் காட்டும் 15 சதவீதம் பலரையும் குழப்பும். 6 கோர், 12 த்ரெட் உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் (பிராசசர் ஓட்டும் ஒரு வேலைத் தொடர்) மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது சுமார் 8 சதவீதமாகத்தான் தெரியும். இந்த ஆட்டத்தின் முக்கிய வேலை பெரும்பாலும் அந்த ஒரு த்ரெட்டில்தான் நடக்கிறது. ஆட்டத்தை உருவாக்கிய வூபே நிறுவனத்தார் சில பகுதிகளை இணையாக ஓட வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் அப்படிப் பிரித்துவிட முடியாது. ஒரு பெல்ட்டில் ஒரே ஒரு இரும்புத் தகடு வருகிறது, இரண்டு பக்கமும் இரண்டு இன்சர்ட்டர்கள் (பொருளை எடுத்து வைக்கும் இயந்திரக் கைகள்) காத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தகடு யாருக்கு? இதற்கான விடை ஒவ்வொரு முறையும், பலர் சேர்ந்து ஆடும்போது ஒவ்வொருவர் கணினியிலும், ஒன்றாகவே வர வேண்டும். அதனால் யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசையை மாற்றவே முடியாது. வரிசை முக்கியமான வேலையை நாலு பேரிடம் பிரித்துக் கொடுப்பது கடினம்.

இப்போது கணக்கு. ஆட்டத்தின் ஒரு கணக்குச் சுற்றுதான் ஒரு டிக். ஒரு விநாடிக்கு 60 டிக். ஒரு டிக்குக்குக் கிடைக்கும் நேரம் 16.67 மில்லி விநாடி. 38 யுபிஎஸ் என்றால் உங்கள் டிக் ஒன்று சுமார் 26.3 மில்லி விநாடி எடுக்கிறது. குறைக்க வேண்டியது ஏறக்குறைய 10 மில்லி விநாடி. இனி எதைச் செய்தாலும் "இதில் எத்தனை மில்லி விநாடி மிச்சம்?" என்று மட்டும் கேளுங்கள். 0.2 மில்லி விநாடி எடுக்கும் ஒன்றை முழுவதுமாகப் பிடுங்கிப் போட்டாலும் உங்களுக்கு எதுவும் மாறாது.

அளப்பதற்கு எஃப்4 அழுத்துங்கள். வரும் பட்டியலில் "ஷோ எஃப்பிஎஸ்", "ஷோ டைம் யூசேஜ்" இரண்டையும் எப்போதும் காட்டும்படி தேர்ந்தெடுங்கள். திரையின் ஓரத்தில் நீளமான எண் பட்டியல் வரும். ஒரு நிமிடம் ஓடவிட்டு, சராசரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டிய வரிகள்: என்டிட்டி அப்டேட், டிரான்ஸ்போர்ட் லைன்ஸ், ஃப்ளூயிட், ஹீட், லாஜிஸ்டிக் மேனேஜர், ட்ரெயின்ஸ், பாத் ஃபைண்டர், ஸ்கிரிப்ட் அப்டேட். ஸ்கிரிப்ட் அப்டேட்டின் கீழ் ஒவ்வொரு மாட்-உம் (ஆட்டத்தில் சேர்க்கும் கூடுதல் நிரல்) பெயரோடு தனியாக வரும். ஏதாவது ஒரு மாட் 2, 3 மில்லி விநாடி தின்கிறது என்றால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைக் கழற்றுங்கள். இதைவிட மலிவான சிகிச்சை வேறு இல்லை.

அளக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும். தாமிரம் தீர்ந்து பாதி தொழிற்சாலை நின்று கிடக்கும் நேரத்தில் எண்களைக் குறித்துக்கொண்டு, "பரவாயில்லையே, 55 வருகிறதே" என்று நினைத்துவிடுவது. பொருள் வராத அசெம்பிளரும் (பொருள் தயாரிக்கும் இயந்திரம்), வெளியேற்ற இடமில்லாமல் நிரம்பிய அசெம்பிளரும் தூங்கிவிடும், கணக்கில் வராது. எல்லாம் முழு வேகத்தில் ஓடும்போது எடுத்த எண்தான் உண்மை. சேவ் ஃபைலின் நகல் ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து மறுபடி அளந்து பாருங்கள். கட்டளை வரியில் பெஞ்ச்மார்க் வசதியும் உண்டு. சேவ் ஃபைலையும் டிக் எண்ணிக்கையையும் கொடுத்தால், எதையும் வரையாமல் ஓட்டி, ஆன நேரத்தைச் சொல்லிவிடும். இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிட அதைவிட நம்பகமான வழி கிடையாது.

பெரிய சேவ் ஃபைல்களில் பெரும்பாலும் என்டிட்டி அப்டேட் (இயந்திரங்கள், இன்சர்ட்டர்கள் போன்றவற்றின் கணக்கு)தான் முதலிடத்தில் நிற்கும். அதற்குள்ளே பெரும் பங்கு இன்சர்ட்டர்களுடையது. ஒரு இன்சர்ட்டரை ஜூம் செய்து பாருங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கை நேராகப் போகிறது, அள்ளுகிறது, திரும்புகிறது. ஓடும் பெல்ட்டிலிருந்து எடுக்கும்போது கை இப்படியும் அப்படியும் நகர்ந்து பொருளைத் துரத்துகிறது. அந்தத் துரத்தல் ஒவ்வொரு டிக்கிலும் ஒரு கணக்கு. இப்படி 20,000 கைகள் துரத்தினால் விநாடிக்கு 12 லட்சம் தடவை கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஆகவே இலக்கு இரண்டு: கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, மிஞ்சிய கைகளை பெல்ட்டிலிருந்து விலக்குவது.

பச்சை சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு சர்க்யூட்டுக்கு 3 தாமிரக் கம்பி, 1 இரும்புத் தகடு. கம்பியை பெல்ட்டில் ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு கம்பியையும் ஒரு கை பெல்ட்டில் வைக்கிறது, இன்னொரு கை துரத்தி எடுக்கிறது. கம்பி அசெம்பிளருக்கும் சர்க்யூட் அசெம்பிளருக்கும் நடுவில் ஒரே ஒரு இன்சர்ட்டரை வைத்துவிட்டால் அந்த பெல்ட்டும் இல்லை, துரத்தலும் இல்லை. விகிதம் 3 கம்பி அசெம்பிளருக்கு 2 சர்க்யூட் அசெம்பிளர். அடுத்தடுத்து நிற்கும் எந்த இரண்டு இயந்திரத்துக்கும் இந்த நேரடி முறை பொருந்தும். பற்சக்கரம் செய்து உடனே பெல்ட் அசெம்பிளருக்குக் கொடுப்பது போல. இடம் அழகாக அமையாது, விகிதம் சில சமயம் ஒரு இயந்திரம் கூடுதலாகக் கேட்கும். பரவாயில்லை, அந்தக் கூடுதல் இயந்திரம் தூங்கிக்கொண்டுதான் இருக்கும்.

பெட்டியிலிருந்து ரயில் பெட்டிக்கோ பெல்ட்டுக்கோ எடுக்கும் இடங்களில் பல்க் இன்சர்ட்டர் போடுங்கள். மேம்பாடுகள் முடிந்தால் ஒரு தடவைக்கு 12 பொருள் தூக்கும். ஆனால் பெட்டியில் 2 இருந்தால் 2-ஐ மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். சர்க்யூட் வயரால் பெட்டியோடு இணைத்து, அந்தப் பொருள் 12-க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் இயங்கு என்று நிபந்தனை வையுங்கள். ஆறு தடவை ஆடிய கை ஒரு தடவை ஆடும். கடைசியாக மிஞ்சும் சில பொருள்கள் பெட்டியிலேயே தங்கிவிடும் என்பதால், மிகக் குறைவாக உற்பத்தியாகும் பொருளுக்கு இதைச் செய்ய வேண்டாம்.

அடுத்தது பீக்கன், அதாவது தன்னுள் வைத்த மாட்யூலின் (வேகம், விளைச்சல் போன்றவற்றை மாற்றும் செருகு) பலனைச் சுற்றியுள்ள இயந்திரங்களுக்குப் பரப்பும் கருவி. பலர் இதை உற்பத்தியைக் கூட்டும் கருவியாக மட்டும் பார்க்கிறார்கள், ஆனால் யுபிஎஸ்ஸுக்கு இதைப் போல உதவுவது வேறு எதுவும் இல்லை. அசெம்பிளர் 3-இன் வேகம் 1.25. அதில் நான்கு புரொடக்டிவிட்டி 3 மாட்யூல் வைத்தால் வேகம் 60 சதவீதம் குறைந்து, விளைச்சல் 40 சதவீதம் கூடும். சுற்றிலும் 8 பீக்கன், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பீட் 3 மாட்யூல் வைத்தால், 2.0-இன் கணக்குப்படி சுமார் 424 சதவீதம் வேகம் சேரும். மொத்தத்தில் வேகம் ஏறக்குறைய 5.8. விளைச்சலையும் சேர்த்தால் மாட்யூல் இல்லாத ஆறு இயந்திரத்தின் வேலையை ஒன்றே செய்கிறது. ஆறு இயந்திரம் ஒன்றாகும்போது அவற்றைச் சுற்றியிருந்த இன்சர்ட்டர்களும் குறைகின்றன. அதே பொருளுக்குச் சுரங்கத்திலிருந்து வர வேண்டிய தாதுவும் குறைகிறது, அதனால் பெல்ட், உலை, ரயில் எல்லாமே கீழ்வரை சுருங்கும். பீக்கன் தானாக எதையும் செய்வதில்லை, அதனால் அதன் எடை மிகக் குறைவு. விலை மின்சாரத்தில் வரும்: ஒரு பீக்கனுக்கு 480 கிலோவாட். ஸ்பேஸ் ஏஜ் என்ற கூடுதல் தொகுப்பு வைத்திருந்தால் ஃபவுண்டரி, எலக்ட்ரோமேக்னடிக் பிளான்ட் என்ற இயந்திரங்கள் இரண்டும் 50 சதவீத விளைச்சலோடே வருகின்றன. இரும்பையும் தாமிரத்தையும் உருகிய நிலையிலேயே குழாயில் கொண்டுபோய்த் தேவையான இடத்தில் வார்ப்பது, தகட்டை பெல்ட்டில் சுமப்பதைவிட எவ்வளவோ மேல்.

மின்சாரம் என்றதும், அணு உலையைப் பிடுங்கிவிட்டு சோலார் போடு என்ற பழைய அறிவுரை உங்கள் காதில் விழும். ஒரே வகை சோலார் பேனல் எத்தனை இருந்தாலும் ஆட்டம் அவற்றை ஒரே கூட்டாக வைத்துக் கணக்கிடுகிறது, அதனால் செலவு ஏறக்குறைய பூஜ்யம். அது இன்றும் உண்மை. ஆனால் 2.0-இல் திரவக் கணக்கை மாற்றி எழுதிவிட்டார்கள். குழாய்த் தொடர் முழுவதும் ஒரே துண்டாக நடக்கிறது, அதனால் அணு உலையின் பழைய பாரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 1 ஜிகாவாட்டுக்கு சராசரி 42 கிலோவாட் வீதம் சுமார் 23,810 பேனலும் 20,000 அக்குமுலேட்டரும் (மின்சாரம் சேமிக்கும் கருவி) வேண்டும். ஹீட் வரி 1 மில்லி விநாடியைத் தாண்டாதவரை இந்த வேலையில் இறங்காதீர்கள், வேறு இடத்தில் அந்த உழைப்பு பத்து மடங்கு பலன் தரும்.

பெல்ட் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு, நிறைய பெல்ட் என்றால் நிறைய பாரம் என்று. 0.16 பதிப்பிலிருந்து பெல்ட்டின் மேலுள்ள ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக நகர்த்துவதில்லை, பொருள்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைத்தான் குறித்து வைக்கிறது. இடைவெளி இல்லாமல் நிரம்பிய நேரான பெல்ட் மிக மலிவு. இந்தத் தொடரை உடைப்பது ஸ்ப்ளிட்டர் (பெல்ட்டைப் பிரிக்கும் கருவி). எட்டுக்கு எட்டு பேலன்சர்களை (பெல்ட்களுக்கிடையே பொருளைச் சமமாகப் பகிரும் அமைப்பு) ஒவ்வொரு திருப்பத்திலும் வைத்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவை தேவையே இல்லை, எடுத்துவிடுங்கள். பல பொருள் கலந்து சுற்றிக்கொண்டே இருக்கும் வட்ட பெல்ட்டும் ஓயாத வேலை.

பாத் ஃபைண்டர் வரி அதிகமாக இருந்தால் காரணம் பைட்டர்கள், ஆட்டத்தில் தாக்க வரும் பூச்சிகள். மாசு அவற்றின் கூட்டைத் தொட்டதும் தாக்குதல் கூட்டம் கிளம்பும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் வழி தேட வேண்டும். சுவரைத் தடிமனாக்கினால் வழி தேடல் குறையாது. மாசு மேகத்துக்குள் இருக்கும் கூடுகளை முற்றிலும் அழித்து, சுவரை மேகத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். மின் துளையிடும் இயந்திரங்களில் மூன்று எஃபிஷியன்சி 1 மாட்யூல் வைத்தால் மின்செலவு அதிகபட்ச வரம்பான 80 சதவீதம் குறையும், மாசும் அதே அளவு குறையும். நிமிடத்துக்கு 10 அலகு வெளியிட்டது 2 அலகாகும். செலவு மிகச் சொற்பம், தயங்காமல் செய்யுங்கள்.

பொருள் சுமக்கும் ரோபோக்கள் ரோபோபோர்ட்டுக்குள் (அவை தங்கி சார்ஜ் ஏற்றும் நிலையம்) தூங்கினால் பாரமில்லை, பறந்தால்தான் பாரம். அதிலும் சார்ஜுக்காக வரிசையில் மிதந்துகொண்டிருப்பது வீண். ஒரு ரோபோபோர்ட்டில் ஒரே நேரத்தில் 4 மட்டுமே சார்ஜ் ஏறும். தொழிற்சாலை முழுவதும் ஒரே வலையாக இருந்தால் சின்ன வலைகளாகப் பிரியுங்கள். உள்ளே இருக்கும் ரேடார்களையும் எடுத்துவிடுங்கள். அவை தூரத்து நிலத்தைத் தேடித் தேடி வரைபடத்தை வளர்க்கின்றன, சேவ் ஃபைலும் சேர்ந்து பெருகுகிறது.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரை உறைந்து மீள்கிறது என்றால் அது வேறு விஷயம், ஆட்டோசேவ். இடைவெளியை 20 நிமிடமாக்குங்கள். லினக்ஸ், மேக் இரண்டிலும் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு செட்டிங்ஸைச் சொடுக்கினால் மறைந்திருக்கும் "தி ரெஸ்ட்" பகுதி தெரியும். அதில் "நான் பிளாக்கிங் சேவிங்" இருக்கிறது, அதை இயக்கினால் சேவ் பின்னணியில் நடக்கும். விண்டோஸில் இந்த வசதி இல்லை.

இவ்வளவும் செய்து, பிறகும் செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் கார்டை விட்டு ரேமையும் பிராசசரையும் பாருங்கள். இந்த ஆட்டத்தில் பிராசசர் கணக்குப் போடும் நேரத்தைவிட, ரேமிலிருந்து தகவல் வரக் காத்திருக்கும் நேரம் அதிகம். அதனால்தான் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) உள்ள ரைசன் 7 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி போன்றவை இதில் முன்னால் நிற்கின்றன. சேவ் ஃபைல் மிகப் பெரிதாகிவிட்டால் தகவல் அந்தக் கேஷிலும் அடங்காது, அப்போது வித்தியாசம் சுருங்கும். செலவே இல்லாத ஒன்றை இன்றே பாருங்கள்: பயோஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயங்குகிறதா என்று. இயங்காவிட்டால் 3600 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம் 2133-லோ 2400-லோ சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். ரேம் ஒரே துண்டாக இருந்தால் அதே வகையில் இன்னொன்று சேருங்கள். நான்கு இடமுள்ள பலகையில் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். முதலாவதிலும் இரண்டாவதிலும் பக்கத்தில் பக்கத்தில் செருகினால் இரண்டும் ஒரே சேனலில் போய்விடும், இரண்டாவது துண்டு வாங்கியதன் பலன் கிடைக்காது.