கம்பியைத் தொட்டால் அடங்கும் இரைச்சல்

கேள்வி: என் எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில் செருகினாலே ஒரே இரைச்சல். கம்பியில் கை வைத்தால் குறைகிறது. எர்த் வயர் அறுந்திருக்குமா?

பதில்: இல்லை, கம்பியைத் தொட்டதும் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்கு (கிட்டார் உடலில் கம்பிகள் தாங்கி நிற்கும் உலோகப் பகுதி) போகும் எர்த் வயர் நன்றாகவே இருக்கிறது. அறையில் உள்ள மின்சார இரைச்சலை உங்கள் உடம்புதான் ஆன்டெனா போல வாங்கி கிட்டாருக்குள் கடத்துகிறது, கம்பியைத் தொட்டதும் உடம்பும் எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். உள்ளே ஷீல்டிங், அதாவது இரைச்சலைத் தடுக்கும் உலோக மறைப்பு, போதவில்லை.

பிக்அப்பும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வால்யூம் பாட்டும் (வால்யூம் திருகின் அடியில் இருக்கும் பாகம்) இருக்கும் குழி முழுவதும் செம்பு டேப் ஒட்டுங்கள், பிக்கார்டின் (குழியை மூடும் முன்பக்கத் தகடு) பின்பக்கமும் சேர்த்து. சில டேப்புகளின் பசை மின்சாரம் கடத்தாது, அதனால் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டி, சேரும் இடங்களில் ஒரு சொட்டு ஈயம் வைத்துவிடுவது நல்லது. அப்புறம் அந்தச் செம்பிலிருந்து ஒரு வயரை வால்யூம் பாட்டின் முதுகில் சால்டர் செய்யுங்கள். மல்டிமீட்டரில் செம்புக்கும் ஜாக்கின் எர்த் முனைக்கும் தொடர்பு கிடைக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். சிக்னல் வயர் எங்காவது செம்பில் பட்டால் சத்தமே வராது, பலர் பதறிப்போவது இங்கேதான்.

ஒன்று சொல்லியாக வேண்டும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்அப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் 'ம்ம்' ஒலி காந்தப்புலத்தால் வருவது, செம்பு டேப்புக்கு அது அடங்காது. டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, கொஞ்சம் திரும்பி நின்று பாருங்கள், அதுவும் போதாவிட்டால் ஹம்பக்கர்தான், அதாவது இந்த 'ம்ம்' ஒலியை ரத்து செய்யும் இரட்டைச் சுருள் பிக்அப்.

ஆம்ப்பின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள், உயிருக்கே ஆபத்து.