ஜெர்மனியின் ஹைடல்பர்க் நூலகர் ஜானுஸ் குரூட்டர்: கேள்வி பதில்

கேள்வி: ரோமானியக் கல்வெட்டுகளைக் குரூட்டர் ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்தாரா?

பதில்: இல்லை. பெரும்பாலும் இருந்த இடத்திலிருந்தே சேர்த்தார். மற்ற அறிஞர்கள் எடுத்த படிகளைக் கடிதம் எழுதி வரவழைத்தும், ஏற்கெனவே அச்சானவற்றைத் திரட்டியும் சுமார் 12,000 கல்வெட்டுகளை 1603 வாக்கில் வெளியிட்டார். அதனால் பிறருடைய பிழைகளும் கூடவே வந்துவிட்டன. ஆனால் போலி என்று பட்டவற்றைத் தூக்கி எறியாமல் தனிப் பகுதியாகச் சேர்த்தார் பாருங்கள், அந்த நேர்மைதான் என்னைக் கவர்ந்தது. படிப்பவர் தாமே பார்த்து முடிவு செய்யலாம். அப்புறம், நூலைப் பயன்பட வைத்தது நெதர்லாந்தின் லெய்டனிலிருந்து அறிஞர் ஸ்காலிஜர் செய்து கொடுத்த 24 அடைவுகள் (பொருள்வாரிப் பட்டியல்கள்). தெய்வம், பதவி, ஆட்பெயர், இலக்கணம் என்று எதை வேண்டுமானாலும் தேடலாம். அதற்கு ஸ்காலிஜருக்குப் பத்து மாதம் பிடித்தது.

கேள்வி: ஹைடல்பர்குக்கு எப்படி வந்து சேர்ந்தார்?

பதில்: 1560-ல் ஆண்ட்வெர்பில் பிறந்தார், தாய் ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜிலும் லெய்டனிலும் படித்தார். விட்டன்பர்கில் பேராசிரியராக இருந்தபோது லூத்தரன் திருச்சபையின் கொள்கை அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து வேலையை விட்டார். 1602-ல் ஹைடல்பர்கில் நூலகரானார்.

கேள்வி: நூலகராக என்ன சாதித்தார்?

பதில்: கதவைத் திறந்து வைத்தார். அங்கே சட்டம் படிக்க வந்த பிரெஞ்சு இளைஞர் சல்மாசியஸுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. அவரை நம்பிச் சுவடிகளைக் கையில் கொடுத்தார்கள். அப்படித்தான் பத்தாம் நூற்றாண்டுக் கிரேக்கக் குறுங்கவிதைச் சுவடி வெளிச்சத்துக்கு வந்தது. அந்த ஒன்றுக்காகவே குரூட்டரை வணங்கலாம்.

கேள்வி: அந்த நூலகம் ரோமுக்குப் போனது ஏன்?

பதில்: 1622-ல், முப்பதாண்டுப் போரின்போது, கத்தோலிக்கத் தளபதி டில்லி (Tilly) என்பவரின் படை ஹைடல்பர்கைப் பிடித்தது. பவேரியாவை ஆண்ட மாக்சிமிலியன் நூலகத்தைப் போப் பதினைந்தாம் கிரிகோரிக்குக் கொடுத்துவிட்டார். பரிசுத்த ஆவி தேவாலயத்தின் மாடங்களில் இருந்த நூல்களை எடுக்க ரோமிலிருந்து போப்பின் ஆளாக அறிஞர் லியோ அல்லாச்சி வந்தார். பாரம் குறைய வேண்டுமென்று பல நூல்களின் அட்டைகளைக் கழற்றிவிட்டு, 196 பெட்டிகளில் கட்டி, கோவேறு கழுதைகளில் ஆல்ப்ஸைக் கடத்தினார். ரோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் போப்பே உயிரோடு இல்லை. குரூட்டர் முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார். அவருடைய சொந்த நூல்களும் அந்தச் சூறையில் போயின. 1627-ல் ஹைடல்பர்குக்கு அருகே இறந்தார்.

கேள்வி: எதுவும் திரும்பி வரவில்லையா?

பதில்: 1816-ல் 847 ஜெர்மன் சுவடிகள் வந்தன. கிரேக்கக் கவிதைச் சுவடியை நெப்போலியன் காலத்தில் பாரிஸுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதன் பெரும்பகுதி ஹைடல்பர்குக்குத் திரும்பியது, சிறுபகுதி இன்னும் பாரிஸில்தான் இருக்கிறது. மற்ற லத்தீன், கிரேக்கச் சுவடிகளில் பெரும்பாலானவை வத்திக்கானில் உள்ளன.